உதவி இருக்கிறது, மாணவரிடம் போய்ச் சேரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் எந்தப் படிப்பில் சேரலாம், எங்கே இடம் கிடைக்கும், கட்டணம் எவ்வளவு என்பவை பற்றியே நாளிதழ்களிலும் வீடுகளிலும் பேச்சு நடக்கிறது. இடம் கிடைத்து, கட்டணம் செலுத்தி, மாணவர் வகுப்பறையில் போய் அமர்ந்த பிறகு அவருக்கு என்ன நேர்கிறது என்பது பற்றி அதே அக்கறையோடு பேசுவோர் மிகக் குறைவு. பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றி வருகிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்தைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கென்று உதவிகள் இல்லாமல் இல்லை. ஏட்டளவில் பார்த்தால் நிறையவே இருக்கின்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை, மாணவர் தாமாகவே தேடி வந்து கேட்பார் என்ற எதிர்பார்ப்பின் மேல் கட்டப்பட்டிருக்கின்றன. உதவி மிகுதியாகத் தேவைப்படும் மாணவரோ கேட்கத் தெரியாதவராகவோ, கேட்கக் கூசுபவராகவோ இருக்கிறார். உதவி ஒரு பக்கமும் மாணவர் மறுபக்கமுமாக நின்றுவிட, இடையிலேயே படிப்பு முறிந்துபோகிறது.

ஒரு பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவருக்குப் பொதுவாக என்னென்ன கிடைக்கக்கூடும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசும் நிறுவனமும் அறக்கட்டளைகளும் தரும் உதவித்தொகைகள், கட்டணச் சலுகை, தவணை முறையில் கட்டணம் செலுத்தும் வசதி, எதிர்பாராத நெருக்கடிக்கான அவசர நிதி, விடுதி இடம், மருத்துவ மையம், மனநல ஆலோசகர், வழிகாட்டி ஆசிரியர், மூத்த மாணவர் துணை, பின்தங்கிய பாடங்களுக்குத் தனிப் பயிற்சி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஏற்பாடுகள், துன்புறுத்தல் நேர்ந்தால் புகார் செய்ய ஒரு குழு, வேலைவாய்ப்பு ஆலோசனை ஆகியவை பெரும்பாலான இடங்களில் ஏதோவொரு வடிவில் இருக்கின்றன. ஆனால் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கட்டடத்தில், வெவ்வேறு அலுவலரிடம், வெவ்வேறு விண்ணப்பத்துடன், வெவ்வேறு கடைசித் தேதியோடு இயங்குகின்றன. பள்ளியை விட்டு வந்து சில நாட்களே ஆன ஒருவர், தமக்கு வந்திருக்கும் துன்பம் எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்று தாமே வகைப்படுத்திக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். துன்பம் அப்படிப் பிரிந்து வருவதில்லை. விடுதிக் கட்டணம் பாக்கி என்பதால் இரவு உறக்கம் கெடுகிறது. உறக்கம் கெடுவதால் காலை வகுப்பு தவறுகிறது. வகுப்பு தவறுவதால் வருகைப் பதிவு குறைகிறது. வருகை குறைந்தால் உதவித்தொகையே நின்றுபோகும் அபாயம் வருகிறது. இந்த மாணவர் நிதி அலுவலகத்துக்குப் போக வேண்டுமா, ஆலோசகரிடம் போக வேண்டுமா, துறைத் தலைவரைப் பார்க்க வேண்டுமா? எங்கும் போகாமல் இருந்துவிடுவதே அவருக்கு எளிதாகத் தெரிகிறது.

மாணவர்கள் ஏன் படிப்பை இடையில் விடுகிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்களுள் அமெரிக்கக் கல்வியாளர் வின்சென்ட் டிண்டோ முக்கியமானவர். 1975-இல் அவர் வெளியிட்ட ஆய்வுரையின் சாரம் இதுதான்: மாணவருடைய அறிவுத்திறன் மட்டும் அவர் நிலைப்பதைத் தீர்மானிப்பதில்லை, அவர் பாடத்தோடும் ஆசிரியர்களோடும் எவ்வளவு ஒன்றுகிறார், சக மாணவர்களோடு எவ்வளவு ஒன்றுகிறார் என்ற இரண்டும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அந்த ஒன்றுதல் நடக்கிறதா இல்லையா என்பது முதல் பருவத்திலேயே, பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிடுகிறது என்பது என் அனுபவம். வகுப்பில் யாரோடும் பேசாமல் கடைசி வரிசையில் அமரத் தொடங்குபவர், முதல் ஒப்படைப்பைத் தராதவர், முதல் உட்தேர்வுக்கு வராதவர் ஆகியோரின் பெயர்கள் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கின்றன. ஆனால் அந்தப் பதிவேட்டைப் பருவத் தேர்வுக்கு யாரை அனுமதிக்கக் கூடாது என்று முடிவு செய்வதற்குத்தான் நாம் பார்க்கிறோம். யாரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பதற்காக ஆறாவது வாரத்தில் அதைப் பார்க்கும் நிறுவனங்கள் மிகச் சிலவே. ஒரே ஏடு, ஒரே தகவல். பார்க்கும் நேரமும் நோக்கமும் மாறினால் அதன் விளைவு முற்றிலும் மாறிவிடும்.

அறிமுக நாள் என்று ஒன்று நடத்துகிறோமே, அதில் எல்லாம் சொல்லிவிட்டோமே என்று நிர்வாகத்தினர் கூறுவார்கள். சொல்வது உண்மைதான். ஒரே நாளில், ஒரே அரங்கில், பல மணி நேரம், ஒருவர் பின் ஒருவராக மேடையேறித் தத்தம் பிரிவைப் பற்றிச் சொல்கிறார்கள். விதிமுறைகளும் தண்டனைகளும் நிறைந்த தடித்த கையேடு ஒன்று கையில் தரப்படுகிறது. அன்று அந்த மாணவரின் மனம் தங்கும் அறை எங்கே, நாளை வகுப்பு எங்கே, பக்கத்தில் இருப்பவர் பேசுவாரா என்பதில்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்து நேரப்போகும் நெருக்கடிக்கான அலுவலகத்தின் பெயரை அன்று சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்துவிடாது. அமெரிக்காவின் தென் கரோலைனா பல்கலைக்கழகம் 1970-இல் தன் வளாகத்தில் மூண்ட மாணவர் போராட்டத்துக்குப் பிறகு, மாணவர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் இருந்த விலகலைக் குறைக்க எண்ணி, 1972-இல் முதலாமாண்டு மாணவர்களுக்கென்றே ஒரு பாடத்தைத் தொடங்கியது. அது ஒரு நாள் நிகழ்ச்சியாக இல்லாமல் பருவம் முழுவதும் சிறு குழுவாக நடக்கும், மதிப்பெண்ணும் உண்டு. அந்த முன்மாதிரியைப் பின்னர் பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் தமக்கேற்றவாறு எடுத்துக்கொண்டன. தேவை எழும் வாரத்தில் அந்தத் தேவைக்குரிய தகவல் மாணவரின் காதில் விழ வேண்டும் என்ற எளிய உண்மைதான் அதன் பலம்.

பணம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவசர நிதிக்கான விண்ணப்பப் படிவம் ஒன்றை நான் பலமுறை மாணவர்களோடு உட்கார்ந்து நிரப்பியிருக்கிறேன். பெற்றோரின் வருமானச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கை, துறைத் தலைவரின் பரிந்துரை, விடுதிக் காப்பாளரின் கையொப்பம், முந்தைய தேர்வின் மதிப்பெண் பட்டியல் என்று இணைப்புகள் கேட்கப்படுகின்றன. முதல் பருவ மாணவருக்கு முந்தைய தேர்வு என்று ஒன்றே கிடையாது; அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அலுவலகத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. படிவத்தின் கடைசியில், "தங்கள் நிதி நெருக்கடியை விரிவாக விளக்குக" என்று ஒரு பெரிய கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தின் முன் பேனாவைப் பிடித்தபடி நீண்ட நேரம் பேசாமல் அமர்ந்திருந்த மாணவர்களை நான் அறிவேன். தந்தைக்கு வேலை போனதையும் தாயின் மருத்துவச் செலவையும், தம் முகத்தையே அறியாத ஒரு குழு படித்து மதிப்பிடுவதற்காக எழுத வேண்டியிருப்பது எளிதான செயல் அன்று. ஒரு மாணவி அந்தக் கட்டத்தை நிரப்பாமலே படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பரவாயில்லை சார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுந்து போனார். நிதியைத் தர மறுத்தவர் எவரும் இல்லை. கேட்கும் முறையே அவரைத் திருப்பி அனுப்பியது.

இதற்கு மாற்று இருக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் நல்ல சான்று. சிறு தொகை பாக்கி இருந்த காரணத்தால் மாணவர்களின் பதிவு நீக்கப்பட்டு, அவர்களுள் பலர் திரும்பி வராமலே போவதை அந்த நிர்வாகம் கணக்குப் பார்த்துக் கண்டுகொண்டது. 2011-இல் அவர்கள் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தும் சிறு பாக்கியால் வெளியேற்றப்படும் நிலையில் இருக்கும் மாணவர்களை அலுவலகமே பட்டியலிட்டு, அந்தப் பாக்கியைத் தானே தீர்த்துவிட்டு, அதன் பிறகு மாணவருக்குத் தெரிவிக்கும். விண்ணப்பம் கிடையாது, நெருக்கடியை விளக்கும் கட்டமும் கிடையாது. தரப்படும் தொகை சராசரியாக ஆயிரம் டாலருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய தொகை ஆயிரக்கணக்கான மாணவர்களைப் படிப்பில் தக்கவைத்தது. ஒரு மாணவர் வெளியேறினால் அடுத்தடுத்த பருவங்களில் அவர் கட்டியிருக்கக்கூடிய கட்டணமும் நிறுவனத்துக்கு இழப்பு என்பதால், கருணையை ஒதுக்கிவிட்டு வெறும் வரவு செலவாகப் பார்த்தாலும் இது நிறுவனத்துக்கு நன்மைதான். எந்த மாணவருக்கு எவ்வளவு பாக்கி என்பது எல்லாப் பல்கலைக்கழகங்களின் கணினியிலும் இருக்கிறது. அந்தத் தகவலைக் கொண்டு இன்று அபராத அறிவிப்பு அனுப்புகிறோம். அதே தகவலைக் கொண்டு உதவியும் அனுப்பலாம்.

அதே பல்கலைக்கழகம் 2016 கோடையில் இன்னொன்றையும் செய்தது. இடம் கிடைத்து, வருவதாக ஒப்புக்கொண்டு, வகுப்பு தொடங்கும் நாளில் வராமலே போகும் மாணவர்கள் அங்கே கணிசமாக இருந்தார்கள். படிவங்களும் சான்றிதழ்களும் கடைசித் தேதிகளும் குவியும் அந்த இடைக்காலத்தில், வீட்டில் கேட்டறிய ஆளில்லாத மாணவரே பெரிதும் தடுமாறுகிறார். எனவே கைப்பேசிக் குறுஞ்செய்தியில் எந்த நேரத்திலும் கேள்வி கேட்டுப் பதில் பெறும் தானியங்கி உரையாடல் வசதி ஒன்று அமைக்கப்பட்டது. அந்த ஒரு கோடையிலேயே அது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்குப் பதில் தந்தது. வராமல் போவோர் எண்ணிக்கை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு லட்சம் கேள்விகள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வசதி வருவதற்கு முன்பும் மாணவர்களின் மனத்தில் அந்தக் கேள்விகள் இருந்திருக்கத்தானே வேண்டும்? அலுவலகத்தில் நேரில் கேட்டால் தம்மை அறியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம், முகம் தெரியாத ஒரு வசதியிடம் கேட்கும்போது இல்லாமல் போகிறது. மனிதரின் இடத்தைக் கருவி பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தேதி, படிவம், கட்டணம் போன்ற எளிய கேள்விகளை அது எடுத்துக்கொண்டால், அலுவலருக்கு உண்மையான துன்பத்தோடு வருபவரை உட்காரவைத்துப் பேச நேரம் கிடைக்கும்.

விண்ணப்பங்கள் சிதறிக் கிடப்பதற்கும் வழி உண்டு. பிரான்சில் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட மாணவர் நல அமைப்புகள், உதவித்தொகைக்கும் விடுதி இடத்துக்கும் ஒரே விண்ணப்பத்தை வைத்திருக்கின்றன. அதையும் மாணவர் கல்வியாண்டு தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்னரே தந்துவிடலாம். ஜெர்மனியில் விடுதி, உணவகம், ஆலோசனை, நிதியுதவி ஆகியவற்றைக் கவனிக்கும் மாணவர் நல அமைப்புகள் 57 இருக்கின்றன. அங்கே 1971-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உதவிச் சட்டத்தின்படி, தகுதியுள்ள மாணவருக்குத் தரப்படும் தொகையில் பொதுவாகப் பாதி திருப்பித் தர வேண்டாத உதவி, மறுபாதி வட்டியில்லாக் கடன். திருப்பிச் செலுத்த வேண்டிய கடனுக்கும் உச்சவரம்பு இருக்கிறது. இவையெல்லாம் செல்வம் மிகுந்த நாடுகள், நமக்கு எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்கலாம். தொகையின் அளவு நாட்டுக்கு நாடு மாறத்தான் செய்யும். ஆனால் இரண்டு விண்ணப்பங்களை ஒன்றாக்குவதற்கும், வகுப்பு தொடங்கிய பிறகு கேட்கும் சான்றை முன்னரே கேட்பதற்கும், ஓர் அலுவலகத்தில் ஒருமுறை தந்த சான்றை இன்னோர் அலுவலகம் ஏற்றுக்கொள்வதற்கும் செல்வம் தேவையில்லை. உதவித்தொகை அறிவிக்கப்பட்டும் கைக்கு வந்து சேர மாதங்கள் ஆகின்றன என்பது மாணவர்களிடம் நான் மிகுதியாகக் கேட்கும் குறை. புத்தகமும் அறை வாடகையும் முதல் மாதத்திலேயே தேவைப்படுகின்றன. உதவியோ ஆண்டின் இறுதியில் வருகிறது. இடைப்பட்ட மாதங்களை மாணவர் வட்டிக்குக் கடன் வாங்கியோ, வகுப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போயோ கடக்கிறார். தாமதமாகத் தரப்படும் உதவித்தொகையைக் கணக்கில் முழுமையாகத் தந்ததாக எழுதிக்கொள்வதற்கு மனச்சாட்சி இடம் தரக் கூடாது.

மனநலம் குறித்துத் தயக்கமின்றிப் பேச வேண்டிய காலம் இது. உலக சுகாதார நிறுவனத்தின் உலக மனநல ஆய்வுத் திட்டத்தோடு இணைந்து, எட்டு நாடுகளின் 19 கல்லூரிகளில் முதலாமாண்டு மாணவர்கள் சுமார் 14,000 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுக்கான அறிகுறி இருந்தவர்கள் 35 சதவீதம். கடந்த ஓராண்டுக்குள் இருந்தவர்கள் 31 சதவீதம். ஆக, வகுப்பில் மூவரில் ஒருவர். அதே திட்டத்தின் இன்னோர் ஆய்வில், மனநலப் பிரச்சினை வந்தால் உறுதியாகச் சிகிச்சை நாடுவோம் என்று சொன்னவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். மற்றவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்ன காரணம், தாமே சமாளித்துக்கொள்வதையே விரும்புகிறோம் என்பது. ஆலோசகர் ஒருவரை நியமித்து, அறைக்கு வெளியே பெயர்ப்பலகை மாட்டிவிட்டுக் காத்திருப்பதால் பயனில்லை என்பதை இந்த எண்கள் தெளிவாகக் காட்டுகின்றன. வாழ்நாளில் வரும் மனநலக் குறைபாடுகளுள் முக்கால் பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று 2005-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கூறுகிறது. பல்கலைக்கழக ஆண்டுகள் அந்த வயதுக்குள்தான் வருகின்றன. ஆகவே ஆலோசனை மையத்தை ஓர் அலங்கார வசதியாகக் கருதாமல் நூலகத்தையும் ஆய்வகத்தையும் போல அடிப்படைத் தேவையாகக் கருத வேண்டும்.

அந்த மையம் எங்கே அமைந்திருக்கிறது என்பதுகூட முக்கியம். நான் பார்த்த ஒரு வளாகத்தில் ஆலோசகரின் அறை, தேர்வுக் கட்டணம் கட்டும் சாளரத்துக்கு நேர் எதிரே இருந்தது. கட்டணம் கட்ட வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேரின் கண்ணெதிரே அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போக எந்த முதலாமாண்டு மாணவருக்கும் துணிவு வராது. அறையை நூலகத்தின் மாடிக்கு மாற்றலாம் என்று யாரோ யோசனை சொல்லி, மாற்றிய பிறகு மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். கூடுதலாக ஒரு செலவும் ஆகவில்லை. அங்கே பேசுவது பெற்றோருக்கோ துறைத் தலைவருக்கோ போய்ச் சேராது என்ற உறுதியும், உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டும் பிறருக்குத் தெரிவிக்கப்படும் என்ற விளக்கமும் முதல் சந்திப்பிலேயே மாணவருக்குச் சொல்லப்பட வேண்டும். இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பலர் பாதிப் பேச்சோடு எழுந்துவிடுகிறார்கள். துன்பம் அலுவலக நேரத்துக்குள் அடங்கி வருவதும் இல்லை. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1970-இல், பயிற்சி பெற்ற மாணவர்களே இரவு நேரத்தில் சக மாணவர்களின் தொலைபேசி அழைப்புகளை ஏற்று, தீர்ப்புச் சொல்லாமல் செவிசாய்க்கும் சேவை ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர் அது மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவருக்கு அதே வயதுடைய ஒருவரின் குரல் கேட்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை விடுதிக் காப்பாளர்கள் நன்றாகவே அறிவார்கள்.

தாம் இந்த இடத்துக்கு உரியவர்தாமா என்ற ஐயம், குறிப்பாகக் குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகம் வந்தவரை வாட்டுகிறது. மற்றவர்கள் எல்லோரும் இயல்பாக இருக்க, தமக்கு மட்டும் எதுவும் புரியவில்லை என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நினைத்துக்கொள்கிறார்கள். கிரிகரி வால்டன், ஜெஃப்ரி கோகன் என்ற இரு உளவியலாளர்கள் முதலாமாண்டு மாணவர்களிடம் ஏறத்தாழ ஒரு மணி நேரமே எடுத்துக்கொண்ட ஒரு முயற்சியைச் செய்து பார்த்தார்கள். மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கத் தந்தார்கள். தொடக்கத்தில் எல்லோருக்குமே இந்த ஐயம் இருக்கும், நாளடைவில் அது மறையும் என்பதே அவற்றின் செய்தி. பின்னர் அதைத் தம் சொந்தச் சொற்களில் எழுதிப் பேசச் செய்தார்கள். மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அந்த முயற்சியில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது என்று 2011-இல் எழுதினார்கள். எல்லா இடங்களிலும் இதே அளவு பலன் வரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும், இரண்டாம் ஆண்டு மாணவர் நால்வரை முதலாமாண்டு வகுப்புக்கு அழைத்து வந்து, தங்களுடைய முதல் பருவம் எப்படி இருந்தது, எந்தத் தேர்வில் தோற்றார்கள், யாரிடம் போய்க் கேட்டார்கள் என்று பேசச் சொல்வதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் யோசிக்க வேண்டியதில்லை. வெற்றி பெற்ற பழைய மாணவர்களை மேடையேற்றிச் சாதனைகளைச் சொல்லவைப்பதைவிட இது புதியவரின் மனத்தைத் தொடும்.

பாட உதவியிலும் இதே கூச்சம் குறுக்கே வருகிறது. பின்தங்கிய மாணவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று அறிவித்தால், பின்தங்கியவர் என்ற பெயர் வேண்டாம் என்று கருதி வர வேண்டியவர்களே வராமல் இருந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் மிசௌரி-கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973-இல் டியானா மார்ட்டின் இதற்கு அருமையான தீர்வு கண்டார். எந்த மாணவர் பலவீனமானவர் என்று பார்க்காமல், எந்தப் பாடத்தில் வழக்கமாக மிகுதியானோர் தோற்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் பாடம் எடுக்கும் எல்லோருக்கும் வாராந்தரக் குழுப் படிப்பை ஏற்படுத்தினார். அந்தப் பாடத்தை ஏற்கெனவே நன்றாகப் படித்துத் தேறிய மூத்த மாணவர் ஒருவர் குழுவை நடத்துவார். குறை பாடத்தின் கடினத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டதால், முதல் வரிசை மாணவரும் கடைசி வரிசை மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். இன்று பல நாடுகளில் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. பள்ளியில் தாய்மொழியில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் வேறு மொழியில் பாடம் கேட்கும் மாணவர்களுக்கு இது பெரிதும் உதவும். குழுவில் தம் மொழியிலேயே சந்தேகம் கேட்க முடிகிறது.

மாற்றுத்திறனாளி மாணவர்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு, உயர்கல்வியிலும் பாகுபாடு கூடாது, தேவையான தகுந்த ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. நடைமுறையில், பார்வைக் குறைபாடுள்ள ஒரு மாணவர் ஒவ்வொரு பருவத்திலும், ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும், ஒவ்வொரு தேர்வுக்கும் தம் நிலையைப் புதிதாக விளக்கிச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது. சேரும்போது ஒருமுறை பதிவு செய்தால், படிப்பு முடியும் வரை எல்லாப் பாடங்களுக்கும் தேர்வுகளுக்கும் அது செல்லுபடியாக வேண்டும். இதற்குத் தேவை ஓர் உத்தரவு மட்டுமே.

விடுதியில் மூத்த மாணவர்களின் துன்புறுத்தலுக்கு எதிரான குழுக்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டதால் நான் மேலும் விரிக்கவில்லை. புகார் தருபவரின் பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கையை முதல் வாரத்திலேயே ஏற்படுத்த வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்துகிறேன்.

இவ்வளவு உதவியும் செய்தால் மாணவர்கள் தன்காலில் நிற்கப் பழக மாட்டார்கள் என்று சில சக ஆசிரியர்கள் கூறுவதுண்டு. அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. நாங்களெல்லாம் இப்படியா படித்தோம் என்று அவர்கள் கேட்பதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அன்று பல்கலைக்கழகம் வந்தவர்கள் சிலரே. வீட்டில் வழிகாட்ட ஆள் இருந்தவர்களே அவர்களுள் பலர். வழிகாட்ட ஆளில்லாமல் வந்து, தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பிப் போனவர்கள் இன்று நம்மோடு ஆசிரியர் அறையில் அமர்ந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லும் நிலையில் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பணம், தகவல், பரிந்துரை, ஆறுதல் எல்லாம் கேட்காமலே வீட்டிலிருந்து வருகின்றன. அதை எவரும் தன்காலில் நிற்காமை என்று சொல்வதில்லை. அந்த வசதி இல்லாதவருக்குப் பல்கலைக்கழகம் அதையே செய்யும்போது மட்டும் ஆட்சேபிப்பது நியாயமாகாது.

அலுவலக ஊழியர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதிய மாணவர் முதலில் சந்திப்பது பேராசிரியரையோ ஆலோசகரையோ அல்ல. கட்டணச் சாளரத்தில் இருக்கும் எழுத்தரையும், விடுதி வாசலில் இருக்கும் காவலரையும், நூலக உதவியாளரையும்தான். எந்த மாணவர் சரியாகச் சாப்பிடவில்லை, யார் பகலெல்லாம் அறையிலேயே கிடக்கிறார் என்பதை ஆசிரியர்களாகிய எங்களைவிட முன்னதாக அறிபவர்கள் அவர்களே. அவர்களுக்கு ஒருநாள் பயிற்சியும், யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற ஒரே ஒரு தொலைபேசி எண்ணும் தந்தால் போதும். எத்தனையோ பேர் உரிய நேரத்தில் கண்ணில் படுவார்கள். நாளெல்லாம் நூற்றுக்கணக்கானோருக்குப் பதில் சொல்லிக் களைத்திருக்கும் அவர்களைக் கடுமையானவர்கள் என்று குறை கூறுவது எளிது. அவர்களை மாணவர் நலப் பணியில் பங்குதாரர்களாக எந்த நிறுவனமும் இதுவரை மதித்ததில்லை என்பதே என் வருத்தம்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சேர்க்கைக்காக வளாகத்துக்குப் போகும் நாளில் வேலைவாய்ப்பு விவரத்தைக் கேட்பதோடு, முதலாமாண்டு மாணவர்களுக்குப் பொறுப்பான ஆசிரியர் யார், அவரை எந்த நேரத்தில் பார்க்கலாம், மனநல ஆலோசகர் முழுநேரப் பணியில் இருக்கிறாரா, கட்டணத்தைத் தவணையில் செலுத்த வழியுண்டா, கடந்த ஆண்டு முதலாமாண்டில் சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்கு வந்தார்கள் என்பவற்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பல இடங்களில் உடனடியாகப் பதில் கிடைக்காது. ஆனால் ஆண்டுதோறும் ஆயிரம் பெற்றோர் அதைக் கேட்டால் நிர்வாகம் கணக்கெடுக்கத் தொடங்கும். கணக்கெடுத்தால் காரணம் தேடும். பிள்ளைகள் தொலைபேசியில் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாமல், இந்த வாரம் யாரோடு சேர்ந்து சாப்பிட்டாய், எந்தப் பாடம் புரியவில்லை என்று குறிப்பாகக் கேளுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிய கேள்வியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு கோரிக்கை உண்டு. சேர்க்கைக் காலத்தில் தரவரிசைப் பட்டியல்களுக்கும் இடங்களின் எண்ணிக்கைக்கும் தாங்கள் ஒதுக்கும் பக்கங்களில், வாரம் ஒரு பகுதியை முதலாமாண்டு மாணவர்களுக்கான உதவிகளுக்கென்று ஒதுக்க வேண்டுகிறேன். எந்த உதவிக்கு எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், எந்தச் சான்றுகளை வகுப்பு தொடங்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், உதவித்தொகை தாமதமானால் யாரிடம் முறையிட வேண்டும், மனநல உதவி எண்கள் எவை என்பவற்றை எளிய தமிழில் வெளியிட்டால், கையேட்டைப் படிக்க முடியாத பெற்றோரும் படித்துப் பிள்ளைகளிடம் சொல்வார்கள். சேர்க்கை முடிந்த பின் ஆறாவது வாரத்தில் அதே பகுதியை மீண்டும் ஒருமுறை வெளியிடவும் வேண்டுகிறேன். அது மிகுதியாகத் தேவைப்படும் வாரம் அதுதான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
முதலாமாண்டு மாணவர்களின் வழிகாட்டி ஆசிரியர் ஒருவர்